குழாய்க்குத் தைத்த உறை

தேநீர் நன்றாக இருக்கிறது, மகள். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. நீங்கள் வாக்குமூலத்தை அவசரப்படாமல், ஆறுதலாக எழுதுங்கள். பெருநாளுக்குக் கேட்ட அபாயாக்களையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டில் எனக்கு அவசர வேலை ஒன்றும் இல்லை.

என் பெயர் நுஸ்ரத். கிண்ணியாவில் வாப்பா என் பெயருக்கு எழுதிவைத்த வீட்டில் இருக்கிறேன். மௌத்தாகி மண்ணுக்குள் போன இஹ்ஸான் என் தம்பி. சீனன்குடாப் பக்கம் ஒரு கப்பல் ஜெட்டியில் கிரேன் ஓட்டினான். வயது நாற்பத்து நான்கு. கழுத்து மட்டும் மாட்டுக் கழுத்து, அவனுடைய சட்டைக்குக் கொலர் வெட்டும்போது துணி எப்போதும் எனக்குப் போதாமல் போகும்.

நீங்கள் பதுளைப் பக்கமென்று சொன்னீர்கள், ஆகவே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். என் மாப்பிள்ளையும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார். மூன்று வருடம் இருந்துவிட்டுக் கட்டாருக்குப் போனவர் அங்கிருந்தே தலாக் சொல்லி அனுப்பினார். இஹ்ஸான் தோப்பூரில் அப்ரா என்ற பிள்ளையின் வீட்டுக்குப் போனான். ஏழு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான், கலியாணமும் அதோடு முறிந்தது. காரணம் குறட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் மாமனாரும் மாமியாரும் படுத்திருக்க, இந்தப் பக்கம் இவன் மரம் அரிந்துகொண்டிருந்திருக்கிறான்.

"விடிஞ்சா மாமி என்ட முகத்தப் பாக்கிறல்ல, ராத்தா. இனி எனக்கு அங்க இரிக்க ஏலாது" என்று சொல்லி அழுதான். எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கு இறால் பொரித்துச் சோறு கொடுத்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் ஏன் மறைக்க வேண்டும்.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அவன் என் வீட்டில்தான். குறட்டை நடுவில் திடீரென்று நிற்கும். மூச்சே இருக்காது. நான் போய் உள்ளங்காலில் தட்டுவேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மூச்சு திரும்பும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் குறட்டையைக் கேட்டுவிட்டு, நல்ல நித்திரைக்காரன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவன் ஒரு நாளாவது ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு வருடம் அவனை மூச்சுவிட வைத்தவள் நான். தயவுசெய்து அதை விடாமல் எழுதுங்கள்.

போன வருடம் பட்டப்பகலில் கிரேனில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். கீழே நின்றவர்களின் தலைக்கு மேல் சீமெந்து மூட்டைகள் ஆடின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிகாரிகள் அவனைக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள், நானும் கூடப் போனேன். நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கிறது, ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, இதயம் ஓய்வில்லாமல் பாடுபடுகிறது என்றார் டொக்டர். பிறஷர் கூடும், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகும், இப்படியே விட்டால் மாரடைப்பும் வரலாம் என்றார். "விளங்குதா, அம்மா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஓம் டொக்டர், நல்லா விளங்குது" என்றேன்.

நித்திரையின்போது போடுவதற்கு ஒரு மெசின் வேண்டுமென்று எழுதித் தந்தார்கள். டவுணில் நிப்றாஸ் என்பவர் அதை வாடகைக்குத் தருகிறார். சின்னப் பெட்டி, நீளக் குழாய், மூக்கை மூட ஒரு மாஸ்க். பெட்டி காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். முதல் கிழமையே குறட்டை போய்விட்டது. வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இப்போது எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

அவன் பத்து வயது குறைந்தவன் போல எழும்பினான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனவன் ஸ்திரி போட்ட சட்டையோடு போகத் தொடங்கினான். அத்தர் மணத்தது. நான் அறைக்குள் போனால் போனைக் கவிழ்த்து வைத்தான். இந்த விஷயத்தில் என் மூக்கு பொல்லாதது. அவன் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். மூதூரில் ரிஸ்னா என்று ஒரு பெண், புருஷனை இழந்தவள், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள்.

கேட்டபோது அவன் மறைக்கவில்லை. "இனி எனக்கென்ன வெக்கம், ராத்தா? மெசினையும் தூக்கிக்கொண்டு அவட வீட்ட போய் இரிக்கலாந்தானே."

"அப்ப நான்?"

"வெள்ளிக்கிழமையில வருவன்தானே" என்றான், சிரித்துக்கொண்டே.

விருந்தாளிக்குச் சொல்லும் பேச்சு அது. அந்தப் பேச்சுக்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த நாள் குழாய்க்குப் பிளனல் துணியில் ஓர் உறை தைத்தேன். தூசி படாது, குளிருக்கும் நல்லது என்று சொன்னேன். "ராத்தாட கையே கை" என்று மெச்சினான். உறைக்குள்ளே, கண்ணில் படாத இடத்தில், குழாயில் கோணி ஊசியால் சில துவாரங்கள் போட்டிருந்தேன். மெசின் வழக்கம்போல இரைந்தது. குறட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான், மகள். பெண் வீட்டாரின் காதுக்கு எட்டினால் கலியாணப் பேச்சு தானாக முறிந்துவிடும்.

எட்ட வைத்ததும் நான்தான். ரிஸ்னாவுக்குப் போன் எடுத்து, அக்கறையாகச் சொல்வதுபோலச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அதுக்கென்ன மதினி, என்ட வாப்பாவும் குறட்டதான். சத்தம் கேட்டாத்தான் வீட்ட ஆள் இரிக்கிற மாதிரி." நல்ல பிள்ளை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது.

நிக்காஹ்வுக்குத் திகதி குறித்தார்கள். நான் துவாரங்களைப் பெரிதாக்கினேன்.

அவனுடைய கால்கள் வீங்கின. நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கலியாண அலைச்சல் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். கிளினிக்கில் கொடுத்திருந்தது என் போன் இலக்கம். அங்கே தாதியாக இருக்கும் மிஸ்ஸி ஒருவர் போன் எடுத்து, மெசினில் பதிவான கணக்கைப் பார்த்தால் காற்றுக் கசிகிறது, ஆளையும் குழாயையும் திங்கட்கிழமை கட்டாயம் கொண்டுவாருங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று பிறகு நிப்றாஸிடம் சொன்னது பொய்.

கடைசியாக அவன் படுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சரிந்தான். நிக்காஹ்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் பக்கத்து அறையில் அவனுடைய கலியாணச் சட்டைக்குக் கொலர் பொருத்திக்கொண்டிருந்தேன். குறட்டை நின்றது. தையல் மெசினை நிறுத்திவிட்டு எழும்பிப் போனேன். கால்மாட்டில் நின்றேன். உள்ளங்கால் எட்டித் தொடும் தூரத்தில்தான் இருந்தது. மூச்சு தானாக வந்தது. மறுபடி நின்றது, மறுபடி வந்தது. பிறகு நின்றது வரவில்லை.

நான் தட்டவில்லை. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும் வரை அந்த இடத்திலேயே நின்றேன். கையை நான் நீட்டவில்லை. அதன் பிறகுதான் அயலாரைக் கூப்பிட்டேன்.

மாரடைப்பு என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் பிழையில்லை. மெசினைத் திருப்பி எடுக்க வந்த நிப்றாஸ் உறையைக் கழற்றிக் குழாயைக் கழுவப் போகாமல் இருந்திருந்தால் உங்களுக்கும் இந்த அலைச்சல் இல்லை. அவர் வெகுநேரம் குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன்.

கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒரே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். மௌத்தானவரின் விலாசம் என்ற இடத்தில் மூதூர் என்று போட்டிருக்கிறீர்கள். போன மாதமே அவன் வேலைத்தலத்தில் மாற்றிக் கொடுத்த விலாசம் என்கிறீர்கள். இருக்கலாம். அதை வெட்டிவிட்டுக் கிண்ணியா என்று எழுதுங்கள், மகள். என் தம்பி என் வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை.