குரல் இறங்கும் வரை

தேநீரை நான் சூடாகக் குடிப்பதில்லை. ஆறவிட்டு, மேலே படியும் ஆடையை விரலால் எடுத்து ஒதுக்கிவிட்டுத்தான் குடிப்பேன். எதிரே நிற்பவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும். காவல் நிலையத்தின் முன்மேசையில் உட்காருகிறவன், வந்தவரின் குரல் இறங்கும்வரை தலை நிமிரக் கூடாது. என் வழக்கம் அது. அடித்து வழிக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. நான் யார் மேலும் கை வைத்ததில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

அன்று வந்தவள் சந்தையில் மீன் வெட்டுகிறவள். மணிக்கட்டில் செதில் ஒட்டியிருந்தது. ஈரக் கையை என் மேசையில் ஊன்றினாள்.

"சார், எங்கக்காவ உள்ள வெச்சுப் பூட்டிட்டான் அவ புருஷன். கையில கத்தி இருக்கு. பின்தெருதான், எந்திரிங்க சார்."

எந்திரிங்க. என்னிடம் சொல்கிறாள்.

"சந்தையில கூவுற மாதிரி இங்க கூவாத. முதல்லருந்து மெதுவாச் சொல்லு."

மறுபடி சொன்னாள். குரல் அப்படியேதான் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். குழாயடிக்கு ஓடினாள், திரும்பி ஓடிவந்தாள், மறுபடி சொன்னாள்.

ஜீப் ஓட்டுகிறவன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, வண்டிய எடுக்கவா?"

"கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்டியா? இருடா."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். மீன் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இவ்வளவு பயத்திலும் பணியத் தெரியாத ஒரு தொண்டையைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

அவள் சொன்னது உண்மை என்று முதல் தடவையே எனக்குத் தெரியும். பொய் சொல்ல வருகிறவர்கள் கும்பிட்டுக்கொண்டேதான் வருவார்கள். ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒரு முறை.

கடைசியில் மேசையைச் சுற்றி வந்து என் காலில் விழுந்தாள். "ஐயா, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்யா." அவ்வளவு மெல்லிய குரல் அவளிடம் இருந்திருக்கிறது. பூட்ஸில் எச்சிலும் கண்ணீரும் வழிந்தன. அருவருப்பாக இருந்தது. ஒரு தாளைக் கிழித்துத் துடைத்துவிட்டு எழுந்தேன்.

கதவை உடைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆள் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தரையில் கிடந்தாள். ஜீப்காரன் தொட்டுப் பார்த்து, "உடம்பு இன்னும் சூடாத்தாண்ணே இருக்கு" என்றான். உயிர் இல்லை.

வாசலில் தங்கை கிடந்து அழுதாள். பக்கத்தில் குனிந்து பேசினேன். முதலிலேயே அப்படிப் பணிவாகக் கேட்டிருந்தால் அக்காவைக் காப்பாற்றியிருக்கலாம், இனியாவது கற்றுக்கொள் என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன்.