முதல் பக்கத்தில் தியோதுலோவின் பெயர்

காலையில் வயிற்றுக்கு ஏதாவது போடாமல் நான் பேப்பர் படிப்பதில்லை, வக்கீலம்மா. முப்பத்தெட்டு வருஷம் பேப்பரில் கிடந்தவன் பேச்சா இது என்று நீங்கள் சிரிக்கலாம். வெறும் வயிற்றில் படித்தால் எல்லாமே உண்மை மாதிரித் தெரியும், அதனால்தான்.

‘பரோலா’ என் பேப்பர் இல்லை, நான் அதில் சம்பளத்துக்கு இருந்த பத்திரிகை ஆசிரியன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எதிரி ஆலைக்காரர் தன் பேப்பரில் கண்டபடி திட்டியதால், திருப்பித் திட்டுவதற்காக உர்கிசா குடும்பத்துப் பெரியவர் ஆரம்பித்தது அது. அப்போது அவர்களுக்குக் கரும்பு. மகன் காலத்தில் கப்பல் வந்தது, பேப்பர் துறைமுகத்தைப் புகழ்ந்தது. பேரன் தோன் காஸ்தோர் செப்புச் சுரங்கம் எடுத்தார். எந்தப் பேப்பர் எந்தக் குடும்பத்துடையது என்பது எங்கள் இலோயிலோ நகரத்தில் பாட்சோய் நூடுல்ஸ் கடையில் சூப் ஊற்றுகிறவனுக்கும் தெரியும்.

தோன் காஸ்தோர் என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவர். அன்றிலிருந்து நான் அவருக்குக் ‘கும்பாரே’, அவர் எனக்குக் ‘கும்பாரே’, சம்பந்தி மாதிரி ஒரு முறை. முதலாளி மிரட்டினால் முறைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஞானத்தகப்பனை என்ன செய்வது? ஒரு செய்தியையும் போடாதே என்று அவர் சொன்னதில்லை. சொல்லாததைப் புரிந்துகொள்வதுதான் என் உத்தியோகம்.

பினாலிவ் என்கிற மலையூர், சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கும் அணைக்கு நேர் கீழே இருந்தது. தியோதுலோ மக்பானுவா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். பதினொரு வருஷமாக எங்களுக்குச் செய்தி அனுப்புகிறவர். வெளியூரிலிருந்து எழுதுகிறவர்களின் பெயரை நாங்கள் போடுவதில்லை. அதில் அவருக்குக் குறை. என்னை அண்ணன் முறை வைத்து ‘மனோங்’ என்றுதான் கூப்பிடுவார்.

“மனோங் எஃப்ரென், ஒரே ஒரு தடவ முதல் பக்கத்துல என் பேரப் போட்டுருங்க. பேப்பர்ல எழுதுறேன்னு சொன்னா, புருடா விடாதய்யான்னு என் பொண்டாட்டி சிரிக்கிறா.”

அந்த அக்டோபரில் மழை நிற்கவில்லை. வாத்தியார் அணையில் விரிசலைப் பார்த்து, ஊரையே மேட்டுக் கோயிலுக்கு ஏற்றிவிட்டு, படங்களோடு பஸ் பிடித்து என்னிடம் வந்தார்.

“நாளைக்கே போட்டாத்தான் கவர்னர் ஆபீஸ்ல எவனாவது அசைவான், மனோங். ஜனங்க எத்தன நாளைக்குக் கோயில் தரையில படுப்பாங்க? புள்ளைங்க எல்லாம் இருமுது.”

“பாக்குறேன்” என்றேன். பார்த்தேன். நன்றாக எழுதியிருந்தார். கிழித்துப் போடவில்லை, மேஜை இழுப்பறையில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

சாயங்காலம் தோன் காஸ்தோர் போன் செய்தார். என் மகளின் நர்ஸ் பரீட்சை பற்றி விசாரித்தார். பிறகு சொன்னார்: “ஆளுங்க பூரா கோயில்ல போய் ஒக்காந்துட்டானுங்க, கும்பாரே. சுரங்கத்துல ஈ காக்கா இல்ல. அணை உறுதியா இருக்குன்னு நம்ம இன்ஜினியர் எழுதிக் குடுத்திருக்கான். கம்பெனி சொன்னா எவன் நம்புறான்? சரி, நீங்க பாத்துக்குவீங்க.”

அவ்வளவுதான். உத்தரவு ஒன்றுமில்லை.

இன்ஜினியர் எழுதியதை முதல் பக்கத்தில் மேலே போட்டேன். கம்பெனி சொன்னால் நம்பமாட்டார்கள், வாத்தியார் சொன்னால் நம்புவார்கள். ஆகவே தலைப்புக்குக் கீழே ‘தியோதுலோ மக்பானுவா, பினாலிவிலிருந்து’ என்று போட்டேன். இருமுகிற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும் என்றும் நினைத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். மலைக்குப் போகும் ஒரே பஸ் அன்றைய பேப்பர் கட்டோடு விடியலிலேயே போயிருந்தது. மழையில் போன் கம்பியும் அறுந்து கிடந்தது.

“நான் இத எழுதலியே, மனோங். இது நான் எழுதினது இல்லியே. ரேடியோவுலயாவது சொல்லச் சொல்லுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்.”

ரேடியோவும் உர்கிசா குடும்பத்துடையது. அதை எப்படி நான் கேட்பது? “நாளைக்கு ஒரு திருத்தம் போட்டுடலாம், ஒக்காருங்க” என்றேன். அவர் உட்காரவில்லை. மழையில் நடந்தே மலைப் பக்கம் கிளம்பினார்.

கோயிலில் அந்தப் பேப்பரை எல்லோருக்கும் படித்துக் காட்டியது அவர் மனைவியாம். “பாத்தீங்களா, நெசமாவே பேரு போட்டுட்டாங்க” என்று சிரித்தாளாம். மத்தியானத்துக்குள் ஊர் கீழே இறங்கிவிட்டது. நான்கு மணிக்கு அணை போயிற்று. நூற்றுப் பன்னிரண்டு பேர். அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. அப்போது வாத்தியார் பாதி வழியில்தான் இருந்தார்.

தான் எதுவும் சொல்லவில்லை என்று தோன் காஸ்தோர் விசாரணையில் உங்கள் முன்னால் சாட்சி சொன்னாரே, அது சத்தியம். ஆனால் என்னைக் கும்பாரே என்று சொல்லவில்லை. ‘அந்தப் பத்திரிகை ஆசிரியர்’ என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

செய்தியைக் கொடுத்த அன்றே வாத்தியார் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்று கேட்டீர்கள். நான்தான் நிறுத்தினேன். படத்தில் ஒரு சந்தேகம், காலையில் பேசலாம் என்று சொல்லி விடுதியில் தங்க வைத்தேன். அவர் கோயிலில் இருந்தால் ஒருவரும் இறங்கியிருக்கமாட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் இன்று உயிரோடு இருப்பது என்னால்தான், வக்கீலம்மா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.