ட்யூபுக்குள்ள இருந்த சிவப்பு

உக்காரும்மா. அவரு மாத்திரை போட்டுப் படுத்திருக்காரு, எந்திரிக்க நேரமாகும். சோதனை முடிவ எங்கிட்டயே சொல்லு. எங்க பாப்பா படத்துலேருந்து துளி சுரண்டி எடுத்துட்டுப் போனியே, அது என்ன சிவப்பாம்?

ம். நான் நெனச்ச மாதிரியே பூச்சிச் சிவப்புதான்.

என்ன பாக்குற? அத அரைச்ச கைம்மா இது. காஞ்ச பூச்சியக் கொதிக்க வச்சு, படிகாரம் போட்டு, அடியில தங்குறத எண்ணெய் விட்டு அரைக்கணும். அரைக்கிறது நான், வரையிறது அவரு. பாக்க அவ்வளவு அழகா இருக்கும். ஆனா வெளிச்சம் பட்டா வெளுத்துரும். அப்புறம் பேக்டரி சிவப்பு ட்யூப்புல வந்துச்சு. எத்தனை வருஷம் ஆனாலும் மங்காதுன்னாங்க. இவருக்குத் தலைகால் புரியல. அந்த நம்பிக்கையிலதான் பாப்பா படத்த ஜன்னலுக்கு நேரா மாட்டினாரு.

மறு வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. ஏழு வயசு. எங்ககிட்ட இருக்கிற அவ முகம் இது ஒண்ணுதான். இப்ப கன்னத்துல, உதட்டுல ரத்தமே இல்ல. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு இருவது வருஷமா லெட்டர் போடுறாரு மனுஷன். ஒவ்வொண்ணையும் நான்தான் தபால்ல சேக்குறேன்.

இல்லம்மா, கம்பெனி மேல தப்பில்ல.

அப்ப ஒருத்தி வந்துட்டிருந்தா, இவரு வரையறதுக்கு உக்கார. சிவப்புத் துணி போத்திக்கிட்டு. அரை மணி நேர வேலைக்கு அரை நாள், கதவு வேற சாத்தியிருக்கும். நான் என்ன குருடியா? வயிறு எரிஞ்சுது. படத்துல அவ மூஞ்சி பத்து வருஷத்துல வெளிறிப் போகட்டும்னு நெனச்சேன். ட்யூப்ப அடியில பிரிக்கலாம், மடிச்சுத்தான் வச்சிருப்பான். புதுசப் பிதுக்கிக் கொட்டிட்டு, நான் அரைச்சத அடைச்சு, திரும்ப மடிச்சு வச்சேன். அவருக்கு வித்தியாசமே தெரியல.

அவ படமா? புருஷன் கண்ணுல படக்கூடாதுன்னு பீரோவுக்குள்ளயே வச்சிருந்தா. போன வருஷம் பாத்தேன். நேத்து வரைஞ்ச மாதிரி இருக்கா.

நான் கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம், என்னைச் சமாதானப்படுத்த பாப்பாவ வரைஞ்சிருக்காரு. அதே ட்யூப். திரும்பி வந்து பாத்தப்ப வாயத் தொறந்திருக்கணும். எதுக்குச் செஞ்சேன்னு கேப்பாரேன்னு பயம்.

அவரு எந்திரிச்சதும் உள்ளத அப்படியே சொல்லிரு. நானும் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்.

இன்னொண்ணும்மா. அன்னிக்கு ட்யூப்ப மடிக்க இடுக்கி எடுத்துக் குடுத்தது பாப்பாதான். அப்பாகிட்ட சொல்லாதடின்னு சொல்லி வச்சிருந்தேன். அந்த ட்யூப்ப எடுத்து அவரு அவ கன்னத்த வரையறப்போ, எதிர்லதான் உக்காந்திருந்தா. சொல்லவேயில்ல.