கீழ்த்தட்டு பல்பை யார் மாத்தச் சொன்னது?

...இல்ல எலெக்ட்ரீஷியன் அண்ணே, நான் கோபப்படல. கோபப்படுற கட்டத்தத் தாண்டி நாலு நாளாச்சு. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? குண்டு பல்பு ஃபியூஸ் ஆச்சுன்னா இன்னொரு குண்டு பல்பத்தான போடணும்? நீங்கபாட்டுக்கு எல்.இ.டி.ய மாட்டிட்டுப் போயிட்டீங்க. நாத்தனார் கல்யாணத்துக்குன்னு நான் பத்து நாள் லீவு போட்டது தப்பு. அங்க போயாவது சும்மா இருந்தேனா? மாப்பிள்ளையோட பெரியப்பாவப் பிடிச்சு உக்காத்தி வச்சு, பாக்டீரியா பத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். அப்புறம் அந்த மனுஷன் நான் இருக்கிற பக்கமே வரல. சரி, அது எதுக்கு இப்ப.

இங்க பாருங்க. ரெண்டு தட்டு, தட்டுக்கு மூணு புட்டி. உள்ள இருக்கிறது பாக்டீரியாதான், ஆனா செடி மாதிரி வெளிச்சத்தத் தின்னு வாழுற ரகம். எந்த வெளிச்சம் கிடைக்குதோ, அதப் பிடிக்கத் தோதா உடம்புல நிறமிய மாத்திக்கும்னு சொல்றாங்க. அத நானே பாத்துடுறேன்னுதான் ஒவ்வொரு புட்டிக்கும் முன்னாடி ஒரு கலர்க் கண்ணாடித் தாளக் கட்டித் தொங்கவிட்டேன். சிவப்பு, பச்சை, நீலம். எட்டு மாசம்ணே... எட்டு மாசமும் அத்தனை புட்டியும் ஒரே செங்கல் கலர். என் பொண்ணு ஒரு நாள் வந்து பாத்துட்டு, "ஏம்மா ஒரே ஜூஸ ஆறு பாட்டில்ல ஊத்தி வச்சிருக்க?"ன்னா. பெத்த வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

ஆனாலும் மனசத் தேத்திக்கிட்டேன். வெளிச்சம் எந்தக் கலரா இருந்தாலும் நிறமி மாறாது... அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான? இன்னிக்கு மூணு மணிக்கு துறையில எல்லார் முன்னாடியும் அதத்தான் பேசப்போறேன். சரியா இந்த நேரம் பாத்து உங்க கீழ்த்தட்டு என் காலை வாருது. சிவப்புத் தாளுக்குப் பின்னாடி இருக்கிறது தண்ணியா வெளுத்துக் கெடக்கு. பச்சையில ஒரு மாதிரி, நீலத்துல வேற மாதிரி. பல்ப மாத்தி எல்லாத்தையும் கெடுத்துட்டாங்கன்னு பெரியம்மாகிட்ட எழுத்துல கொடுத்துட்டேன். பெரியம்மான்னா எங்க துறைத் தலைவி, முதுகுக்குப் பின்னாடி அப்படித்தான் சொல்லுவோம். ஆமாண்ணே, புகார் உங்க மேலதான். மனசுல வச்சுக்காதீங்க.

மேல் தட்டப் பாருங்க, பழைய பல்பு, எப்படி அடக்க ஒடுக்கமா... ஏன் அதுல கைய விடுறீங்க? சுடுதா? குண்டு பல்புன்னா சுடத்தான செய்யும். என்னது, பச்சைத் தாளுக்குப் பின்னாடியும் அதே சூடா? நீலத்துக்கும்?

இருங்க. நகருங்க, நான் வச்சுப் பாக்கிறேன்.

அடிப்பாவி... உங்களச் சொல்லலண்ணே, என்னையச் சொல்லிக்கிட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு இருக்கு, சிவப்புக்கும் அந்தப் பக்கம். குண்டு பல்பு கொட்டுறதுல முக்காவாசி அதுதான். இதுகளுக்கு முக்கியமான சாப்பாடும் அதுதான். மூணு தாளும் அத அப்படியே உள்ள விட்டிருக்கு. என் கண்ணுக்கு மூணு கலர், அதுகளுக்கு எட்டு மாசமா ஒரே சாப்பாடு. அப்புறம் நிறமி எங்கேர்ந்து மாறும்? உங்க எல்.இ.டி.ல அந்த வெளிச்சம் கிடையாது. அதான் கீழ ஒவ்வொண்ணும் தனக்குக் கிடைச்சதுக்குத் தக்கபடி ஆகியிருக்கு. இந்த ரூம்ல ஒழுங்கா ஒரு சோதனை நடந்திருக்குன்னா, அது நீங்க பல்ப மாட்டி நடத்தினதுதான். இத நான் வருஷா வருஷம் பசங்களுக்குப் பாடமா வேற நடத்துறேன்ணே. வெக்கமா இருக்கு.

புகார இப்பவே போய்த் திரும்ப வாங்கிடுறேன். மூணு மணிக்கு உண்மையச் சொல்லிடுறேன். ஆனா என் வாய் எனக்குத் தெரியும், மழுப்பிடும். நீங்க வந்து கடைசி வரிசையில உக்காருங்க. நான் சுத்தி வளைக்க ஆரம்பிச்சா லேசா ஒரு இருமல், அது போதும். இப்படித்தான் ஆரம்பிக்கப் போறேன், கேளுங்க... "தாள் விற்ற கடைக்காரர் சரியான விவரம் தராத காரணத்தால், சோதனையில் ஒரு சிறு..."

ஏண்ணே, அதுக்குள்ள இருமுறீங்க?