ஒன்பதாம் பாகத்தின் இரண்டாவது பெட்டி

யமனாஷி மாகாணம், கோஃபு நகரக் காவல் நிலையம். 2025 மார்ச் 8, சனிக்கிழமை, பகல் 12.40 மணி. காணாமல் போன நிஷிமோரி கோஹெய் (29) தொடர்பாகச் சாட்சி தாமாக வந்து சொல்லியது.

என் பெயர் தோகாவா ரியோஜி, வயது 38, தகப்பனார் பெயர் தோகாவா மினொரு. ரயில் நிலையத்துக்கு வடக்கே மீன் அங்காடிக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் கட்டிடத்தில், இரண்டாம் தளத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். பழைய, புதிய வீடியோ கேம்கள் விற்கும் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அது தேவையில்லை என்று அதிகாரி சொன்னார், இருந்தாலும் எழுதச் சொன்னேன்.

‘கடல்கோட்டை’ என்ற கேம் தொடரில் இதுவரை ஒன்பது பாகங்கள் வந்துள்ளன. முதல் பாகம் வந்தபோது எனக்கு ஏழு வயது. எல்லாப் பாகங்களையும் வெளியான அன்றைக்கே வாங்கி, வரிசை மாறாமல் ஆடி முடித்தவன் நான். ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி வாங்குவேன். ஒன்று ஆடுவதற்கு, மற்றது உறை பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கு. எங்கள் ஆட்களில் பலருக்கு இந்த வழக்கம் உண்டு. இதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னோடு வேலை செய்யும் ஒரிஹாரா சுமிரே (24) ஆறாம் பாகத்தில் ஆடத் தொடங்கியவர். அதனால் அவரை நான் ‘ஆறாம் நம்பர்’ என்றுதான் கூப்பிடுவேன். புதிதாக வருகிறவர்கள் நடுவிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டால் அவர் தாராளமாக என்பார், நான் கூடவே கூடாது என்பேன். ஒன்பதாம் பாகத்தின் பெட்டியில், முதன்முறை ஆடுகிறவர்களும் இதிலிருந்தே தொடங்கலாம் என்று கம்பெனிக்காரர்களே அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் கடையில் விற்கிற பொருளைப் பற்றி நாங்களே கையால் ஒரு அட்டை எழுதி அலமாரியில் ஒட்டுவோம். ‘ஒன்று முதல் எட்டு வரை ஆடாதவர்கள் தயவுசெய்து இதைத் தொட வேண்டாம்’ என்று நான் எழுதி ஒட்டினேன். ஒரிஹாரா அதைப் படித்துவிட்டு, “அண்ணே, இது கடையா இல்ல வாட்ச்மேன் கூண்டா?” என்று கேட்டார்.

இது இவ்வாறிருக்க, கடந்த நவம்பர் 14, வியாழக்கிழமை ஒன்பதாம் பாகம் வெளியானது. அன்று காலை பத்தரை மணியளவில் நிஷிமோரி சடாயோஷி (66) என்பவர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர். அதற்கு முன் அவரை எனக்குப் பழக்கமில்லை. அவர் முன்பதிவு எண் எழுதிய துண்டுக் காகிதத்தை நீட்டினார். தன் மகன் கோஹெய் ஆறு வருடமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் எடுத்துக்கொள்வார், வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கதவுக்கடியில் தள்ளுவார், எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சீட்டு இது என்று சொன்னார். சீட்டில் அந்த எண்ணைத் தவிர, ‘கடல்கோட்டை ஒன்பது. இரண்டு’ என்று மட்டும் இருந்தது.

“ஒரு ஆளுக்கு எதுக்கு தம்பி ரெண்டு?” என்று அவர் என்னைக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். “ஐயா, உண்மையான ரசிகன்னா அப்படித்தான். ஒண்ணு விளையாட, ஒண்ணு பிரிக்காம வச்சுக்க. உங்க பையன் நம்ம ஜாதி” என்று சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்தது. மகனைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொல்லிக் கேட்டு வெகு காலம் ஆகியிருக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் தயங்கி, “இதை நானும் கத்துக்கிட்டா அவன்கூட ரெண்டு வார்த்தை பேசலாம்னு பாக்கிறேன். இதுலேர்ந்தே ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரிஹாரா, “தாராளமா ஆரம்பிக்கலாம் ஐயா, நான்கூட…” என்று தொடங்கினார். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், உள்ளே போய்ப் பெட்டிகளை எடுத்து வா என்று நான் அவரை அனுப்பிவிட்டேன். பிறகு நிஷிமோரி அவர்களிடம், “விளக்கு ஏன் உடைஞ்சுது, மாலுமியோட அண்ணன் யாரு, இதெல்லாம் தெரியாம ஒன்பதுல போய் உக்காந்தா, ரெண்டே கேள்வியில உங்க பையன் கண்டுபிடிச்சிடுவான், அப்பா சும்மா வேஷம் போடறார்னு. ஒண்ணுலேர்ந்து வாங்க” என்று சொன்னேன். வேஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் பயந்துவிட்டார். அன்றைக்கே முதல் பாகத்தையும் அதை ஆடுவதற்கான பழைய மெஷினையும் வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தவறாமல் கடைக்கு வந்தார். சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். பேருந்து ஓட்டிய பழக்கத்தில், கேமில் ஒவ்வொரு குகைக்குள்ளும் நுழையும் முன் திரையை விரலால் சுட்டி, “வலப்பக்கம் சரி, இடப்பக்கம் சரி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நுழைவாராம். மூன்று நாளில் முடிய வேண்டிய முதல் பாகம் அவருக்கு ஐந்து வாரம் ஆனது. நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஜனவரி 2 அன்று எங்களுக்குப் புத்தாண்டு அரிசிப் பலகாரமான மோச்சி கொண்டுவந்து கொடுத்தார். அந்த வியாழக்கிழமைகளை நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நான் சொன்னதை அப்படியே கேட்டு முதலிலிருந்து வந்த ஒரே ஆள் அவர்தான். அதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நவம்பர் 21 அன்று அவர் வந்தபோது, இரண்டு பெட்டிகளையும் மகன் அறை வாசலில் வைத்ததாகவும், ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் காலித் தட்டின் மேல் மகன் திரும்ப வைத்துவிட்டதாகவும், அதை என்ன செய்வது என்றும் கேட்டார். பத்திரமாக வைக்கச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார், வெயில் படாத இடத்தில் வையுங்கள், பிரித்துவிடாதீர்கள் என்று நான் சொன்னேன். அவர் அதை வீட்டு வழிபாட்டு மாடத்தின் அடியிலுள்ள இழுப்பறையில் வைத்தார்.

டிசம்பர் 5 அன்று கையில் பிடித்து ஆடும் மெஷின் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். இதையும் மகன் தட்டின் மேல் வைத்திருந்தான், பழுது போலிருக்கிறது, பார்த்துக் கொடுங்கள் என்றார். நான் பார்த்தேன். கண்ணாடி துடைத்திருந்தது. முழுவதும் சார்ஜ் ஏற்றியிருந்தது. உள்ளே இருந்த பழைய கேம்கள் எல்லாம் அழிக்கப்பட்டு, எழுத்தின் அளவு பெரிதாக மாற்றப்பட்டிருந்தது. பழுது ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவரும் அதை மகன் அறை வாசலில் திரும்ப வைத்துவிட்டார். மறுநாள் காலை அது உள்ளே போயிருந்தது. அதன் பிறகு சீட்டு எதுவும் வரவில்லை.

எழுத்து பெரிதாக இருந்ததைப் பார்த்தபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டும். தோன்றவில்லை. ஒன்பதாம் பாகத்தில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் படகு உண்டு. ஒன்றாகப் பதிவு செய்த இரண்டு பெட்டிகளுக்குப் பொதுவாக ஒரே படகு கிடைக்கும். பழைய பாகங்களில் இல்லாத சங்கதி என்பதால் நான் அதை மதிக்கவே இல்லை, அந்தத் துறைமுகத்தின் பக்கமே போகவில்லை.

மார்ச் 3, திங்கட்கிழமை நிஷிமோரி அவர்கள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் கோஹெய் வீட்டை விட்டுப் போய்விட்டார். மேல்கோட்டையும் தன் கை மெஷின்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். செவ்வாய்க்கிழமை இந்த நிலையத்திலிருந்து ஒரு காவலர் கடைக்கு வந்து, கோஹெய் கடைசியாக வாங்கியது என்ன என்று கேட்டார். கோஹெய் இணையத்தில் அனுப்பியிருந்த முன்பதிவு விண்ணப்பத்தை நான் கம்ப்யூட்டரில் திறந்தேன். அதை அன்றுதான் முதல்முறையாக முழுவதும் படித்தேன். அதில், ‘இரண்டாவது ஆட்டக்காரர்: வயது 66. முன் அனுபவம்: இல்லை’ என்று இருந்தது. அடியில் கேள்விக்கான கட்டத்தில், ‘எந்தப் பாகமும் ஆடாத என் அப்பா இதிலிருந்தே தொடங்க முடியுமா? முடியாது என்றால் ஒரு பெட்டி போதும்’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரிஹாராவின் பதில் இருந்தது. கண்டிப்பாக முடியும், புதியவர்களுக்கான கையேட்டை இரண்டாவது பெட்டியோடு சேர்த்து வைக்கிறேன், அப்பாவோடு நன்றாக ஆடுங்கள் என்று எழுதியிருந்தார். எண்ணை மட்டும் பார்த்து நாற்பது பேருக்குப் பதில் எழுதியதால், எது யாருடையது என்று அவருக்கு நினைவில்லை.

அந்தக் கையேட்டைப் பெட்டியோடு அவர் வைத்துத்தான் இருந்தார். வெளியீட்டு நாள் காலையில் கடை திறக்கும் முன் எல்லாப் பெட்டிகளோடும் சேர்த்துக் கட்டியிருந்த அதை உருவி எடுத்து, பழைய காகிதக் கட்டில் போட்டது நான்.

செவ்வாய்க்கிழமை காவலரிடம், இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை நிஷிமோரி அவர்கள் வழக்கம்போல வந்தார். சவரம் செய்யாமல் வந்திருந்தார். “நாலு முடிச்சிட்டேன் தம்பி. அவன் வர்றதுக்குள்ள ஏழு வரைக்கும் போயிடணும். அஞ்சு குடுங்க” என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஐந்தாம் பாகத்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன். நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

நேற்று மாலை ஒரிஹாரா அந்த விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டார். என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டு, “நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகவா?” என்று கேட்டார். அண்ணே என்று கூப்பிடவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு என் சொந்த மெஷினை எடுத்துக்கொண்டு நிஷிமோரி அவர்களின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். மகன் அறை வாசலில் சோறும் மிசோ சூப்பும் வறுத்த மீனும் ஆவி பறக்க வைக்கப்பட்டிருந்தன. கதவு திறந்தே கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. கீழே வந்து பாயில் நெற்றி பட வணங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. “அப்ப அந்த மெஷினை நான் திருப்பி வச்சது…” என்று ஆரம்பித்தார். “ஆமாங்க ஐயா” என்றேன். பிறகு, “உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே தம்பி?” என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் இழுப்பறையிலிருந்து பெட்டியை எடுத்து, உறையைக் கிழிக்கத் தெரியாமல் பல்லால் கடித்துப் பிரித்தார். என் மெஷினில் போட்டோம். நேராகத் துறைமுகம் வந்தது. இரண்டு இருக்கை உள்ள ஒரு படகு கரையில் கட்டியிருந்தது. அதன் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். கோஹெய் கதையில் ஒரு அடிகூட முன்னே போகவில்லை. நான்கு வருடம் காத்திருந்து வாங்கிய கேமில் அவர் கரையைத் தாண்டவே இல்லை. நவம்பர் 14 முதல் நேற்று வரை நூற்றுப் பதினான்கு நாளும், தினமும் மாலை 4.20 மணிக்கு வந்து ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டை விட்டுப் போன திங்களன்றும், அதற்குப் பிறகு நேற்று வரையிலும்கூட வந்திருக்கிறார். ஆகவே நேற்று மாலை வரை அவர் உயிரோடு இருந்திருக்கிறார். எங்கிருந்து வந்தார் என்பது கம்பெனியைக் கேட்டால் தெரியும் என்பதால் உடனே இங்கே ஓடி வந்தேன்.

“நாலு இருபது நான் காய்கறி வாங்கிட்டு வீட்டுக்குள்ள நுழையற நேரம்” என்று நிஷிமோரி அவர்கள் சொன்னார். பிறகு மெஷினைக் கையில் வாங்கிக்கொண்டு, “இப்ப நான் எந்த பட்டனை அழுத்தணும்?” என்று கேட்டார். எதையும் அழுத்த வேண்டாம், படகில் ஆள் இருப்பது அந்தப் பக்கம் தானாகத் தெரியும் என்றேன். “அதுக்கு முன்னால வந்த கதை ஒண்ணுமே தெரிஞ்சிருக்க வேண்டாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் இப்போது அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் படித்துக் காட்டியபோது, கையேட்டை நான் ‘தவறுதலாக’ எடுத்ததாக எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, ‘வேண்டுமென்றே’ என்று எழுதச் சொல்லி, திருத்திய இடத்தில் விரல் ரேகை வைத்தேன். இதில் சொன்னது அத்தனையும் நான் கண்டதும் செய்ததும்தான், யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ சொன்னதல்ல. இப்போது மணி 3.05, கோஹெய் படகுக்கு வரும் நேரத்துக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. அந்த மெஷின் பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் தானாக அணைந்துவிடும், அதை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கிருந்து இரண்டு முறை போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுப் போகிறேன்.

(ஒப்பம்) தோகாவா ரியோஜி
இடக்கைச் சுட்டுவிரல் ரேகை