மூன்று மாத ஓய்வு

தலையணை உறையில் ஒரு முடி கிடந்தால்கூட எனக்குத் தூக்கம் வராது. விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. இருபத்தொரு வருடமாக ஊரார் கறையைப் பார்த்துக் கண் பழகிவிட்டது, மூக்குதான் பழகவில்லை.

தங்கை கணவருக்கு வேலை போனதும் இருவரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை தங்கமான மனிதர், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் காய்ச்சல் வந்து கூடத்தில் மெத்தையைப் போட்டுப் படுத்தார் பாருங்கள், சீ. சளி துடைத்த காகிதங்களைத் தேநீர்க் கோப்பைக்குள் திணித்து வைப்பார். கழுவிய பிறகுதான் அதில் நான் குடித்தேன். இருந்தாலும் பாதியிலேயே கொட்டிவிட்டேன்.

காய்ச்சல் விட்டும் மூச்சிரைப்பு நிற்கவில்லை. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். சோதனை முடிவுகள் கடைசி நாளில்தான் வந்தன. தங்கை வேலைக்குப் போயிருந்தாள், அவர் உடை மாற்றிக்கொண்டிருந்தார். அதனால் டாக்டர் என்னிடம் சொன்னார்.

“காய்ச்சல் கிருமி இதயத் தசைய வீங்க வெச்சிருக்கு. மூணு மாசம் முழு ஓய்வு. படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. மீறினா இதயம் பட்டுனு நின்னுடும்.”

மூன்று மாதம், அந்த மெத்தையில், என் கூடத்தில். நீங்களே சொல்லுங்கள் ஐயா.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

“என்ன மச்சான் சொன்னாரு?”

“வெறும் சளிதான் மாப்ளே. உடம்ப வளைச்சு வேலை செஞ்சா சரியாயிடுமாம்.”

“அப்பாடா. பயந்தே போயிட்டேன்.”

மறுநாள் தங்கை கிளம்பியதும், மெத்தையை மொட்டை மாடியில் காயப்போடச் சொன்னேன். பஞ்சு மெத்தை, மூன்று மாடி. வேர்வை ஊறிய அதை நான் தொடுவதாவது. பின்னால் நாலு படி தள்ளியே நடந்தேன்.

இரண்டாவது மாடியில் நின்றார். உதடு வெளுத்திருந்தது. “நெஞ்சு படபடங்குது மச்சான். டாக்டர் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல மாப்ளே. இன்னும் ஒரு மாடிதான்.”

என்னை நம்பி ஏறினார். ஏழாவது படியில் சரிந்தார், மெத்தை அவர் மேலேயே விழுந்தது. அடியிலிருந்து கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு கீழே போய், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

டாக்டர் சொன்னதை மறந்துவிட்டேன் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் எதற்கு ஒளிவுமறைவு, இன்ஸ்பெக்டர் ஐயா? மறக்கவில்லை, தெரிந்தேதான் ஏறவைத்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவர் மேல் என் விரல் நுனிகூடப் படவில்லை.