வேஸ்ட்டு மண்ணு

எண்பதுகளில் ஒரு சாயங்காலம், அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் மடியில் சாப்பாட்டுப் பையோடு இருந்தவர், ஜன்னலோரம் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னார்:

"எங்க கொல்லைக்கு அவங்க வச்சிருக்கிற பேரு வேஸ்ட்டுங்க."

"யாருங்க?"

"சுண்ணாம்புக்கல் குவாரியில. கல்லுக்கு மேல கெடக்குற மண்ணு பூரா அவங்களுக்கு வேஸ்ட்டு. மொதல்ல அத வழிச்சுக் கொண்டுபோயி ஓரமா கொட்டிடுவாங்க. நெலத்த வாங்கிக்கிட்டு எனக்கு அங்கயே வேலை குடுத்தாங்க."

"என்ன போட்டிருந்தீங்க?"

"பருத்திங்க. நல்ல கரிசலு. நானும் எங்க வூட்லயும்தான் எடுப்போம். கொல்லை போனப்பறம் அவ மவ வூட்டோட போயிட்டா. இங்க சும்மா குந்திக்கிட்டு என்னா பண்றதுங்கறா."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"அந்த மண்ணு மேட்டுல இந்த வருசம் பருத்தி தானா மொளச்சு வெடிச்சிருக்குங்க. எல்லார் கொல்லை மண்ணும் கலந்து கெடக்கு. எது என்னுதுன்னு தெரியல. சாப்பாட்டு நேரத்துல ஏறிப்போயி கொஞ்சம் எடுத்தாந்தேன்."

பையை லேசாகத் திறந்து காட்டினார். தூக்குவாளியைச் சுற்றி வெள்ளையாகப் பருத்தி.

"வெளிய விட்டாங்களா?"

"கேட்டுல வாட்ச்மேன் பையில என்னான்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

அவர் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேஸ்ட்டுதாங்கன்னு சொன்னேன். போன்னுட்டான்."